புதுக் கத்தி

தில்லி நாராயணாவில் ஒரு தகரக் கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் படப் புதிர்களைச் செய்தார்கள். வளைவு வளைவாகக் கத்திகள் பதித்த பலகையைப் படம் ஒட்டிய அட்டைமேல் வைத்து, மாசிலாமணி இயந்திரத்தை இறக்குவான். ஒரே அழுத்தில் அட்டை துண்டு துண்டாக வேண்டும். ஆனால் கத்தி மழுங்கிவிட்டதால், துண்டுகள் அடியில் ஒட்டிக்கொண்டே வந்தன. அவற்றைக் கிழியாமல் பிரித்தெடுப்பதுதான் அவனுக்கு உதவியாக இருந்த வடிவுக்கு வேலை.

எண்பத்திரண்டாம் வருஷக் குளிரில் அவள் விரல் நுனியெல்லாம் வெடித்துப் புண்ணாயிற்று. படங்களில் ரத்தக்கறை பட்டது.

"அண்ணே, கத்திய மாத்தச் சொல்லி லாலாகிட்ட நீ சொல்லேன். சோறு பிசைய முடியல."

"சொன்னா உனக்குத்தான் கஷ்டம். எண்ணெயத் தடவிக்கிட்டுப் பேசாம இரு" என்றான் மாசிலாமணி.

அவள் கேட்கவில்லை. முதலாளி லாலாவிடம் தானே போய்க் கைகளை விரித்துக் காட்டினாள். அவர் கைகளைப் பார்க்கவில்லை. கறைபட்ட படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அச்சா" என்றார்.

அடுத்த வாரம் புதுக் கத்தி வந்தது. மாசிலாமணி வெட்டிய அட்டையை மேசைமேல் ஒரு தட்டுத் தட்டினான். துண்டுகள் தாமாகவே உதிர்ந்தன. அவனே அள்ளிப் பெட்டியில் போட்டான்.

லாலா அவனிடம் இந்தியில் ஏதோ சொன்னார். அவன் தலை நிமிராமல் தமிழில் சொன்னான்: "நாளையிலருந்து நீ வர வேணாமாம்."

கைக்கு ஓய்வு கிடைத்ததில் புண் ஆறியது. ஆறியதும் ஜனக்புரி வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். சலவைச் சோடாத் தண்ணீரில் அதே விரல்கள் மறுபடி வெடித்தன. இந்த முறை அவள் யாரிடமும் காட்டவில்லை.