சார்ஜ் ஏறிய அரை மணி நேரம்

திகனையில் என் அக்கா, ராத்தா, மௌத்தாகிவிட்டார் என்ற சாவுச் செய்தி வந்ததும் நானும் கணவரும் கொழும்பிலிருந்து எங்கள் மின்சாரக் காரில் கிளம்பினோம். கண்டியை நெருங்கியபோது சார்ஜ் தீரப் பார்த்தது. வழியில் ஒரு பெற்றோல் ஷெட்டில் நிறுத்திச் சார்ஜ் போட்டோம்.

பக்கத்தில் மற்ற கார்கள் வந்து, பெற்றோல் அடித்து, உடனே போய்க்கொண்டிருந்தன.

ராத்தாவின் மகன் ஃபோனில் அழுதான். "சாச்சி, கெதியா வாங்க. அசர் தொழுகையோட உம்மாட ஜனாஸாவ அடக்க எடுக்கப் போறாங்க."

எங்கள் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. வீட்டில் முகம் பார்த்தால்தான் உண்டு.

"சார்ஜ் ஏற இன்னும் அரை மணித்தியாலம் ஈக்கு," என்று கணவர் தவித்தார்.

எனக்கு அழுகையே வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்திருந்தது. மெதுவாகவே ஏறட்டும் என்றுதான் நினைத்தேன். நான் போய்ப் பார்க்கும்வரை ராத்தா அங்கே சோறாக்கிக்கொண்டிருப்பதாகவே இருந்தது.

நாங்கள் போய்ச் சேரும்வரை ஜனாஸாவை எடுக்காமல் வைத்திருந்தார்கள். முகம் பார்த்தேன்.

அடக்கிவிட்டு வந்த என் அண்ணன், நானா, கணவரிடம், "பெற்றோல் கார் எண்டா அஞ்சு நிமிஷம் மச்சான். இதென்ன காரா, ஃபோனா?" என்றார். கணவர் தலைகுனிந்தார்.

அந்தத் தாமதத்துக்காக அவர் இன்றும் வருந்துகிறார். அந்த அரை மணி நேரம் எனக்குத் தேவைப்பட்டது என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.