வடக்குப் பாட்டுக்கு வராத பறவை

ஒரே சாயலில் இருக்கும் இரண்டு பறவைகள் ஒரே இனமா, வேறு வேறா என்று பார்ப்பது அந்த வருஷம் என் வேலை. அச்சன்கோவில் கணவாய்க்கு வடக்கே ஒரு சிரிப்பான் குருவி, தெற்கே ஒரு சிரிப்பான். வடக்கத்தியதற்கு வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டி நீளும். தெற்கத்தியதற்கு அவ்வளவு நீளாது. புருவத்தை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாது. ஒன்றின் பாட்டுக்கு மற்றது என்ன செய்கிறது என்றும் தெரிய வேண்டும்.

அதற்காக நான் தங்கியிருந்த கரமனையிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில், கணவாய்க்குத் தெற்கே இருக்கும் பொன்முடி மலைக்குப் போவோம். ஓட்டுபவர் செங்கோட்டைக்காரர், இங்கேயே இருபது வருஷமாக இருப்பவர், பேச்சில் மலையாளம் கலக்கும். ஸ்பீக்கரைப் புதரில் வைத்துவிட்டு நான் ஒதுங்கி உட்காருவேன். தன் இனத்தின் குரல் கேட்டால் பறவை எல்லையைக் காக்கப் பாய்ந்து வரும். முதல் நாள் தெற்குப் பாட்டுக்கு அப்படித்தான் வந்தது. மறுநாள் வடக்குப் பாட்டைப் போட்டேன், ஒன்றுகூட வரவில்லை. அங்கிருந்தே என் வழிகாட்டியான பேராசிரியைக்கு, வேறு இனம்தான் போலிருக்கிறது என்று செய்தி அனுப்பினேன்.

இறங்கும் வழியில் டீ குடித்தோம். ஓட்டுநர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சேச்சி, நான் பறவை இருந்த பக்கம்தான் உக்காந்திருந்தேன். இன்னிக்கு உங்க பெட்டிச் சத்தம் அங்க கேக்கவே இல்ல, கேட்டோ."

அன்று ஸ்பீக்கரை என் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். பின்னால் பாறை, கீழே ஓடைச் சத்தம். எனக்கு மட்டும் நன்றாகக் கேட்டிருக்கிறது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதுதான் முதலில் தோன்றியது. வீட்டுக்கு வந்து பேராசிரியையை அழைத்து உள்ளதைச் சொன்னேன். அவர் அந்த நாள் பதிவை அடித்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அதன்பின் ஓட்டுநரிடம் ஒரு நோட்டைக் கொடுத்துப் பறவைகள் இருந்த பக்கம் உட்காரவைத்தேன். எப்போது கேட்டது, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று அவர் எழுதுவார். வடக்குப் பாட்டோடு பல காலைகள் போனோம். சில பறவைகள் அசையவில்லை. சில வந்தன. ஒன்று பாதி வழி வந்து, கிளையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

கடைசியில் இரண்டு இனம் என்றே எழுதினோம். இரு பக்கத்துப் பறவைகளிடமும் எடுத்த ரத்த மாதிரிகளும் புருவமும் அதைச் சொல்லின. பாட்டைப் பற்றி, தெளிவில்லை என்று ஒரு வரி.

"அப்ப ரெண்டும் வேறதானா சேச்சி?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"வேறன்னுதான் எழுதியிருக்கோம்."

"அந்தப் பாதி வழி வந்த ஆளு?"

"அதுக்கு என்ன தோணிச்சுன்னு எனக்குத் தெரியலை."

அவர் தலையாட்டிவிட்டு கியரை மாற்றினார்.