நாய்க்குப் பூ கேட்ட வெள்ளிக்கிழமை

எங்கள் ஊர் மாரியம்மன் எத்தனையோ வழக்குகளைத் தீர்த்து வைத்திருக்கிறாள். பெண்ணுக்கு வந்த வரன் சரியா என்று கேட்டிருக்கிறார்கள், போர் போட்டால் தண்ணீர் வருமா என்று கேட்டிருக்கிறார்கள். எந்த நாயை வளர்ப்பது என்று கேட்டுப் போன முதல் குடும்பம் எங்களுடையதுதான். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது. வாய் மட்டும் வயதுக்கு மீறியது என்று ஊரில் பேர்.

விழுப்புரத்தில் கெடார் பேருந்தில் ஏறி, கெடாருக்கு முன்னாலேயே இறங்கினால் எங்கள் ஊர். ஊரைத் தாண்டி மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது நிலக்கடலைக் காட்டுக்கு, நடுவில் எங்கள் வீடு. அந்த வருஷம் காட்டுப்பன்றிகள் கொல்லையில் இறங்கிவிட்டன. செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காயை மட்டும் தின்றுவிட்டுப் போகும். அப்பா தகரத்தைத் தட்டிப் பார்த்தார். அம்மாவின் பழைய புடவைகளைக் கொல்லையைச் சுற்றிலும் கட்டிப் பார்த்தார். பன்றிகள் மரியாதையாகக் குனிந்து புடவைக்கு அடியில் நுழைந்து வந்தன. கடைசியில் நாய் வளர்ப்பது என்று முடிவாயிற்று.

நாய் வேண்டும் என்பது எப்படித்தான் வெளியே போயிற்றோ, ஒரே வாரத்தில் இரண்டு குட்டிகள் எங்களுக்காகக் காத்திருந்தன.

ஒன்று திண்டிவனத்தில், மாமா வீட்டில். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். அவர் வீட்டுப் பொமரேனியன் மூன்று குட்டி போட்டிருந்தது. "அக்கா, உனக்கு இல்லாததா? இருக்கிறதுலயே அழகான குட்டி உன்னுதுதான்" என்று போனில் சொல்லிவிட்டார். தம்பி வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்தபிறகு அம்மா தரையில் நடப்பாளா?

இன்னொன்று பெரியப்பா வீட்டில். அவர் அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன். வீடு கூப்பிடு தூரம்தான். ஆனால் கூப்பிடத்தான் ஆளில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், பொதுக் கிணற்றில் யார் முறையில் யார் மோட்டாரை நிறுத்தினார்கள் என்று இருவருக்கும் வாய்ச்சண்டை வந்து, அன்றோடு பேச்சு நின்று போயிற்று. எனக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. சித்திரையில் வெயில் அடிக்கும், ஐப்பசியில் மழை பெய்யும், அப்பாவும் பெரியப்பாவும் பேசமாட்டார்கள். அவ்வளவுதான்.

அதனால் பெரியப்பா வீட்டுச் சேதி நேராக வரவில்லை. அப்பா காலையில் பால் சொசைட்டிக்குப் போன இடத்தில், பால் அளப்பவர் சொன்னாராம். "உங்க அண்ணன் வூட்டு ராஜபாளையம் ஆறு குட்டி போட்டிருக்குதுபா. ஒண்ணு உங்க வூட்டுக்குன்னு எடுத்து வச்சிருக்காரு. எவன் வந்து கேட்டாலும் தரமாட்றாரு."

அப்பா காலி கேனோடு வந்து இதை அம்மாவிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை, "எங்கண்ணன் சொல்லி உட்டுருக்குது" என்று சேர்த்துக்கொண்டார். என் காதில் விழுந்தது ஆறு குட்டி என்பது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் திண்டிவனம் போனோம். மாமா வீட்டு நாய் மின்விசிறிக்கு நேர் கீழே சோபாவில் படுத்திருந்தது. அதன்மேல் பவுடர் வாசனை அடித்தது. மாமா அதனிடம் இங்கிலீஷில்தான் பேசினார். "கம் பேபி, கம். சிட்."

"திண்டிவனத்துல பொறந்து திண்டிவனத்துத் தண்ணியக் குடிக்கிற நாயிக்கு எதுக்குபா இங்கிலீசு?" என்று அப்பா கேட்டார்.

"தமிழ்ல சொன்னா மதிக்காதுங்க மாமா" என்றார் மாமா.

எனக்கு அந்த நாயை உடனே பிடித்துவிட்டது. இங்கிலீஷ் எங்கள் இருவருக்கும் ஒரே அளவு. குட்டியை என் மடியில் விட்டார்கள். பஞ்சுருண்டை. என் விரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு தூங்கிப் போயிற்று. இனி இது இல்லாமல் என்னால் வாழ முடியாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

திரும்பி வரும் பேருந்தில் அப்பா ஆரம்பித்தார். "பன்னி வந்தா இது இன்னா பண்ணும்? ஷேக் ஹேண்டு குடுக்குமா?"

"குலைக்கும்ல? அது குலைச்சா நீங்க ஏந்துபோய் தொரத்துங்க" என்றாள் அம்மா.

"அதுக்கு நானே குலைச்சிட்டுப் போறேன்."

அடுத்த நாள் சாயங்காலம் அப்பா வரப்பில் புல் அறுக்கப் போனார். நானும் பின்னாலேயே போனேன். வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் நிலம். வரப்பு வரைக்கும் போகலாம், தாண்டக் கூடாது என்பது எனக்கு இருந்த சட்டம். அங்கே வேப்பமரத்தடியில் தாய் நாய் நின்றது. நல்ல உயரம், வெள்ளை வெளேரென்று உடம்பு, எண்ணிவிடலாம் போல விலா எலும்பு. ஐயோ பாவம், சோறே போடமாட்டார்கள் போல என்று நினைத்தேன். பெரியப்பா எங்களைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கி, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து, முன்னும் பின்னுமாகத் திருப்பிக் காட்டினார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இன்னா பெரியப்பா, அதோட மூக்கு தோல் உரிஞ்ச மாரி இருக்குது!" என்று கத்தினேன்.

"ராஜபாளையத்துக்கு மூக்கு அப்படித்தான் செவப்பா இருக்கும்டி வாயாடி" என்று பெரியப்பா சிரித்தார். என்னிடம் சொன்னாரே தவிர, பார்த்தது அப்பாவை. அப்பா அரிவாளோடு நின்றுகொண்டே இருந்தார். அன்றைக்கு எங்கள் மாட்டுக்குப் பாதிக் கட்டுப் புல்தான் கிடைத்தது.

பிறகு மூன்று நாள் வீட்டில் ஒரே நாய்ப் பேச்சு. ராஜபாளையம் வந்தவர் போனவரையெல்லாம் கடித்துவைக்கும் என்றாள் அம்மா. பொமரேனியனுக்கு வெயில் ஆகாது, அதற்கு யார் விசிறி போடுவது என்றார் அப்பா. சோற்றுத் தட்டுக்கு முன்னால், மாட்டுக் கொட்டகையில், குளிக்கப் போகும் வழியில் எல்லாம் இதே பேச்சு. "ஒரே பேஜாரா போச்சிப்பா உங்களோட" என்று நான்கூடச் சொல்லிப் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே கவலை. அப்பா ஜெயித்துவிட்டால் என் பஞ்சுருண்டை போய்விடுமே! ஆனால் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. அப்பா நினைத்தால் ஒரே அதட்டலில் முடித்திருக்கலாம். அவர் அதட்டவே இல்லை. அம்மாவும் ஒரு பாட்டம் அழுதால் காரியம் ஆகிவிடும். அவள் அழவே இல்லை.

"ரெண்டு பேரும் ஆசையா தரேன்றாங்க. யாருகிட்டப் போய் வேணாம்னு சொல்றது?" என்றாள் அம்மா கடைசியில். "சாமி சொல்லட்டும். சாமி சொன்னா யாரும் கோச்சிக்கமாட்டாங்க."

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பூ கேட்பது சுலபம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். எந்தப் பூவுக்கு எது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். விஷயத்தைக் கேட்டதும் பூசாரி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாயிக்கா? கல்யாணத்துக்குக் கேப்பாங்க, காடு வாங்கக் கேப்பாங்க. சரி, எந்த நாயிக்கு எந்தப் பூ?"

"ராஜபாளையம் வெள்ள நாயி. அதுக்கு வெள்ளப் பூ" என்றார் அப்பா.

"ஏன், என் தம்பி வூட்டு நாயி மட்டும் கருப்பா?" என்றாள் அம்மா.

அதுவும் வெள்ளைதான். இதை யாரும் யோசிக்கவில்லை. சந்நிதிக்கு முன்னால் மறுபடியும் சண்டை ஆரம்பமாயிற்று. பூசாரி கையை உயர்த்தி நிறுத்தினார். "எம்மா, நீ மனசுக்குள்ள நெனச்சிக்க. யாருக்கும் சொல்லாத. பூ எடுத்தப்புறம் சொல்லு. ஜல்தியா முடிங்க, எனக்கு நட சாத்தணும்."

அவர் பொட்டலம் கட்டத் திரும்பியதும் நான் அம்மாவின் இடுப்பைக் கிள்ளினேன். அவள் குனிந்து என் காதோடு சொன்னாள். "வெள்ள வந்தா மாமா நாயி. மூச்சு உடாத."

கற்பூரம் காட்டி, இரண்டு பொட்டலங்களையும் தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினார் பூசாரி. "கள்ளங்கபடம் இல்லாத புள்ள, கண்ண மூடிக்கினு எடும்மா."

கண்ணை ஒழுங்காகத்தான் மூடினேன். மூக்கையும் மூடு என்று யாரும் சொல்லவில்லையே. வெள்ளைப் பூ குண்டுமல்லி, சிவப்பு அரளி. கும்பிடுவதுபோலத் தட்டுக்கு மேலே நன்றாகக் குனிந்து ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன். இரண்டு நாய்களுக்கும் சேர்த்து நானே மோப்பம் பிடித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன்.

பூசாரி பிரித்தார். குண்டுமல்லி. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். கோயிலுக்கு வந்தால் வாசலில் நின்று ஊர்க்கதை பேசுகிற ஆள் அவர். அன்றைக்கு இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து, கண்ணை மூடி, உதடு அசைய நின்றுகொண்டிருந்தார். கண்ணைத் திறந்து பூவைப் பார்த்தவர், "இன்னா நெனச்ச?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா பூவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வெள்ள வந்தா உங்க அண்ணன் வூட்டு நாயின்னு நெனச்சேங்க" என்றாள்.

அடிப்பாவி! அம்மன் முன்னால், கற்பூரம் இன்னும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும்போதே! சாமி முன்னால் பொய் சொன்னால் கண் போய்விடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அவள் கண்ணை உற்றுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. "அம்மா, நீ..." என்று ஆரம்பித்தேன். அவள் என் நெற்றியில் குங்குமத்தை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். வாயைத் திறந்தால் நான் மோந்து பார்த்ததும் வெளியே வந்துவிடும் என்பதால் நானும் அடங்கினேன். அழுகை மட்டும் அடங்கவில்லை. வீடு வரைக்கும் தேம்பிக்கொண்டே போனேன். அப்பாவோ எனக்கு முன்னால் சீட்டி அடித்துக்கொண்டு நடந்தார். மறுநாள் காலையில் சொசைட்டி திறப்பதற்கு முன்னாலேயே பால் கேனோடு போய் உட்கார்ந்துவிட்டார், அண்ணனுக்குச் சேதி சொல்லி அனுப்ப.

அன்று சாயங்காலம் பெரியப்பா வரப்பைத் தாண்டி வந்தார். துண்டில் சுற்றிய குட்டி மார்பில் இருந்தது. அப்பா ஓடிப்போய்ச் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அம்மா மதியமே ஒரு கோழியை அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். பால் குடிக்கிற குட்டிக்கு எதற்குக் கோழிக் குழம்பு என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பாவும் பெரியப்பாவும் கட்டிலில் இந்தக் கோடிக்கு ஒருவர், அந்தக் கோடிக்கு ஒருவர் உட்கார்ந்தார்கள்.

"பால் குடிக்குதா?" என்று அப்பா குட்டியைப் பார்த்துக் கேட்டார்.

"குடிக்குது. கேப்பக்கூழு ஊத்துனாலும் குடிக்குது" என்று பெரியப்பாவும் குட்டியைப் பார்த்துச் சொன்னார்.

துண்டை விலக்கிக் குட்டியின் காதை நீவிவிட்டார். பிறகு பெரியப்பா மெதுவாகச் சொன்னார். "போன வருசமே ஒரு ஈத்து குட்டி போட்டுச்சி. அப்பவே உனக்குத் தரணும்னு இருந்தேன்."

"குடுத்திருக்கலாம்ல?"

"நீ வாங்கிக்கிறியோ இல்லியோன்னு..."

அப்பா கையை நீட்டிக் குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அது சலவைச் சட்டை முழுக்க ஒன்றுக்குப் போய்விட்டது. பெரியப்பா முதலில் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பெரியப்பா தம் துண்டாலேயே அவர் முகத்தையும் துடைத்து, சட்டையையும் துடைத்தார். எது முதலில், எது பிறகு என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை.

உள்ளே அம்மா திண்டிவனத்துக்குப் போன் பேசிக்கொண்டிருந்தாள். "கோச்சிக்காதடா தம்பி. நீ ஆசையா எடுத்து வச்ச, எனக்குத் தெரியாதா? சாமி அந்த மாரி சொல்லிடுச்சி, நான் இன்னா பண்றது?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போனை வைத்தபிறகு மூக்கை உறிஞ்சினாள்.

நான் வழி மறித்து நின்றேன். "நீ பொய்தான சொன்ன?"

"ஆமா" என்றாள். சட்டியிலிருந்து ஈரலாகப் பார்த்து எடுத்து ஊதி என் வாயில் வைத்தாள். "சாமிக்குத் தெரியும். நீ மென்னு முழுங்கு. வெளிய போய் பெரியப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு வேணுமான்னு கேளு."

போய்க் கேட்டேன். வேண்டும் என்றார். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனாலும் குட்டி என் காலை நக்கியபோது, போனால் போகிறது என்று குனிந்து தூக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகளையெல்லாம் கூட்டி வைத்துச் சொன்னேன். "எங்கப்பாவுக்கு நாயின்னா அவ்ளோ உசுரு, தெரியுமா? குட்டிய வாங்கி மடியில வச்சதும் அழுதுட்டாரு!"