புரட்டாசியில் ஒரு குரங்குக் குல்லா

செய்யாத தவறுக்காக ஒருவரைத் தண்டனைக்கு ஆளாக்கினேன். பொய் சொல்லி அல்ல, எனக்கு நன்றாக நினைவிருந்ததைச் சொல்லி. அந்த நினைவின் நடுவில் ஒரு பழுப்புக் குரங்குக் குல்லா இருந்தது.

அப்போது கல்கத்தாவில், கார்டன் ரீச்சில் ஓர் அலுவலகத்தில் வேலை. எங்கள் தலைமை எழுத்தரை எல்லோரும் 'போரோபாபு' என்போம். அவருக்கு நான் 'மதராஸி'. மதியம் என் டிபன் டப்பாவுக்குள் மூக்கை நீட்டி, "இன்னிக்கும் புளிதானா? உங்க ஊர்ல மீனெல்லாம் எங்கே போச்சு?" என்பார்.

துர்கா பூஜைக்கு முந்திய வாரம், ஒரு மாலை, கோப்பறையில் தீப்பிடித்தது. அணைக்காத சிகரெட் என்றார்கள். விசாரணை தை மாதத்தில்தான் நடந்தது. கடைசியாக வெளியே வந்தது யார் என்று கேட்டபோது, போரோபாபு என்றேன். குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டு, விரலிடுக்கில் சிகரெட் புகைய, கோப்பறையிலிருந்து வந்து படியிறங்கியதைப் பார்த்தேன் என்றேன். "அந்தப் பக்கமே நான் போகலை" என்றார் அவர். நான் தடுமாறாமல் சொன்னேன், அவர் தடுமாறினார். அவரைப் பதவி இறக்கி வெளியூருக்கு மாற்றினார்கள்.

இந்தக் கதையை வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறேன். சென்ற வருடம் சாப்பிடும்போது மறுபடி சொன்னேன். வங்காளி மருமகள் சிரித்துவிட்டாள். "பாபா, பூஜைக்கு முன்னாடி ஃபேனுக்கு அடியிலயே வேர்த்து ஊத்தும். குல்லா விஷயத்துல நாங்க கொஞ்சம் அவசரக்காரங்கதான், லேசாக் குளிர்ந்தாலே மாட்டிக்குவோம். அதுக்காகப் புரட்டாசியிலயா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனேன்.

விசாரணை அறையின் குளிரில் எல்லோரும் கம்பளியில் இருந்தோம். எனக்கு எதிரே போரோபாபு அந்தக் குல்லாவோடு உட்கார்ந்திருந்தார். கண்முன் இருந்த அவரைத்தான் அன்றைய படிக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். சிகரெட் வேறு ஏதோ நாளுடையது. நினைவு நடந்ததை அப்படியே எடுத்துத் தருவதில்லை. கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கட்டித் தருகிறது, விட்டுப்போன இடத்தைக் கைக்கு அகப்பட்டதை வைத்து அடைக்கிறது. அடைத்த இடம் எது என்று நமக்குத் தெரிவதில்லை. திரும்பச் சொல்லச் சொல்ல அது இறுகியும் போகிறது.

அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். அந்நாளைய ஆட்கள் யாருமில்லை. விசாரித்து, டாலிகஞ்சில் அவர் இருக்கும் மாடி வீட்டைக் கண்டுபிடித்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். போரோபாபு பொறுமையாகக் கேட்டார்.

"இல்லை மதராஸி, நீ சரியாத்தான் பார்த்தே. படியிறங்கும்போதே நினைச்சேன், சிகரெட்டை அணைச்சோமான்னு. திரும்பிப் போகச் சோம்பல்."

"அந்த வெக்கையில குல்லா போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேனே, நெத்தியெல்லாம் அரிச்சுது. சளி பிடிச்சிருந்திருக்கும்."

அவர் மனைவியைப் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவேன். பௌதி வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினார். "முதல்ல சில வருஷம், நான் இல்லை நான் இல்லைன்னு எல்லார்கிட்டயும் மன்றாடினார். யாரும் நம்பலை. அப்புறம் அவருக்கே சந்தேகம் வந்துது. சொல்லச் சொல்ல ஒண்ணொண்ணாச் சேர்ந்துக்கிச்சு. குல்லா எப்போ வந்துதுன்னு எனக்கே தெரியலை." கதவைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வந்து சொல்லுங்க. திரும்பத் திரும்பச் சொல்லுங்க. அப்படித்தானே உள்ளே போச்சு."

அதனால் ஞாயிறுதோறும் மெட்ரோ ஏறிப் போகிறேன். அவர் செய்யவில்லை, நான் பார்க்கவில்லை என்று சொல்கிறேன். சில நாள் தலையாட்டுவார். அடுத்த வாரம் சிகரெட் மறுபடி அவர் விரலுக்கே வந்துவிடும்.

போன ஞாயிறு நல்ல குளிர். வழியனுப்பத் தெருக்கதவுவரை இறங்கி வந்தார். நான் சொல்வது காதில் விழவேண்டும் என்று குல்லாவை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என் மனசு ஆறட்டும்னு, இந்த வயசுல இவ்வளவு தூரம் வந்து பொய் சொல்றே" என்றார். "நீ நல்லவன், மதராஸி."

குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியேறிப் போனார்.