ஐஸ்லாந்தில் பாதை திறந்திருக்கோ?

பயண முகவர் தொழிலில் நாங்கள் விற்கும் சரக்குகளிலேயே சீக்கிரம் பழுதாவது தகவல்தான். எங்கள் அலுவலகம் சிட்னியில், பென்டில் ஹில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே பால் போத்தலுக்குத் திகதி போட்டிருக்கிறார்கள். மேலே எனக்கு அந்த வசதி இல்லை. அதிலும் ஐஸ்லாந்து என்று ஒரு தீவு இருக்கிறதே, அது எங்களைப் போன்றவர்களின் உயிரை எடுக்கவே உண்டானது. காற்று அடித்தால் பாதையை மூடுவார்கள், பனி விழுந்தால் மூடுவார்கள், எரிமலை குமுறினால் ஊரையே மூடுவார்கள். நேற்றுச் சொன்னதற்காக இன்று ஏச்சு வாங்கும் என் இனத்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நண்பன் போன வழி

ஹரிஸ் பார்க்கிலிருந்து ஒரு சென்னைத் தம்பதி வந்தார்கள். கணவர் தன் போனை என் முன்னால் வைத்தார். அதில் அவருடைய நண்பன் போய்வந்த பயணத்தின் முழு விவரமும் இருந்தது: எந்த வழி, எந்த விடுதி, எங்கே சூப் குடித்தான் என்பது வரை. அப்படியே வேண்டும், ஒன்றும் மாறக்கூடாது என்றார். நண்பன் போனது ஜூலையில். இவர்கள் போக நினைத்தது ஜனவரியில்.

நடுமலைப் பாதைகள் குளிர்காலம் முழுக்கப் பனிக்குள் கிடக்கும், அந்த விடுதியையும் பூட்டிவிடுவார்கள், பகல் வெளிச்சமே கொஞ்ச நேரம்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தன் போனைப் பார்த்தார், என் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கமிஷனுக்காக நான் ஏதோ மறைக்கிறேன் என்று அந்தப் பார்வையே சொன்னது. கடைசியில் மனைவியை எழுப்பிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி நின்று கேட்டார்: "அப்போ என் ஃப்ரெண்டுக்கு மட்டும் எப்படி மேடம் திறந்து விட்டாங்க?"

நல்ல வெயில் நாள்

பரமேஸ்வரி அன்ரியும் சிவபாதம் அங்கிளும் இதே பென்டில் ஹில்லில் இருக்கிறவர்கள். யாழ்ப்பாணத்துக்காரர். அவர்களுடைய ஒரே மகன் ரமணன் போன வருடம் சிநேகிதர்களோடு ஐஸ்லாந்து போனான். கறுப்பு மணல் கடற்கரை ஒன்றில் படம் எடுத்துக்கொண்டு நிற்கும்போது பெரிய அலை ஒன்று வந்து அவனை இழுத்துக்கொண்டு போனது. உடல் சிட்னிக்கு வந்தது. செத்தவீட்டுக்கு நானும் போனேன். அவன் டிக்கெட்டை எங்களிடம் எடுக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

வருடம் முடிந்து வரும் ஆட்டைத் திவசத்தை அவன் கடைசியாக நின்ற கரையில் செய்யவேண்டும் என்று இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். மார்ச் மாதத்தில் ஐயர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். திதியை முன்னே பின்னே தள்ள முடியாது. பாதையோ திதி பார்த்துத் திறப்பதில்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அந்தக் கடற்கரையில் ஒரு விளக்குக் கம்பம் உண்டு, அன்றைய கடலைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாற்றுவார்கள் என்று பொதுவாகத் தொடங்கினேன். அன்ரி தன் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். நீல வானம், கணுக்கால் நனையும் நுரை, சிரிக்கிற முகங்கள். யாரோ இணையத்தில் போட்டதை ரமணன் புறப்படும் முன் அம்மாவுக்கு அனுப்பியிருந்தான். அன்ரி சொன்னார்: "அவன் பாத்திட்டுப் போன படம் இதுதான். நல்ல வெயில் நாளில ஆரோ எடுத்தது, பிள்ளை."

போனில் வந்த எச்சரிக்கை

அங்கிள் அதிகம் பேசமாட்டார். அன்ரி விசாக் கடதாசிகளில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தபோது என் திரையை எட்டிப் பார்த்தார். எரிமலை காரணமாக மூடிவைத்திருந்த ஒரு மீன்பிடி ஊரைப் பற்றிய அறிவிப்பு அதில் இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டார். நிலம் நடுங்கத் தொடங்கியதும் எல்லோருடைய போனுக்கும் செய்தி அனுப்பி ஊரைக் காலிபண்ணினார்கள், பிறகு முக்கியமான சாமான்களை எடுத்துவர ஒவ்வொரு வீட்டாரையும் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள் என்றேன்.

அங்கிள் யுத்தத்தில் ஒருமுறை முழு வீட்டையும் விட்டு, உடுத்த துணியோடு நடந்தவர். பொறாமையில்லை, கோபமுமில்லை, உண்மையாகவே அந்த மீன்பிடி ஊர்க்காரருக்காகச் சந்தோஷப்படுகிற குரலில் சொன்னார்: "முதலே சொல்லிப்போட்டோ எழுப்பினவங்கள்? குடுத்துவைச்ச சனம்."

யாரைக் கேட்பது

பயணம் நெருங்க நெருங்க அன்ரி தினமும் படியேறி வந்தார். வந்ததும் ஒரே கேள்வி: "பாதை திறந்திருக்கோ?" யுத்த காலத்தில் எங்கள் சனம் விடிந்ததும் கேட்ட கேள்வி அது. ரேடியோ ஒன்று சொல்லும், பேப்பர் ஒன்று சொல்லும். அந்தப் பக்கத்தால் வந்த ஒருவரைப் பிடித்துக் கேட்ட பிறகுதான் மூட்டை கட்டுவோம்.

நான் திரையில் ஐஸ்லாந்துப் பாதைகளின் வரைபடத்தைக் காட்டினேன். பாதை பச்சையாக இருந்தது, திறந்திருக்கிறது என்று அர்த்தம். அன்ரியின் முகம் தெளியவில்லை. என்னோடு வேலை செய்யும் ஸ்டீபன் மன்னாரைச் சேர்ந்தவன், கணினியில் அவனுக்கு அபார பக்தி. "அன்ரி, ரோட்டு முழுக்கக் கமரா பூட்டியிருக்கு. சற்றலைட்டும் பாத்துக்கொண்டிருக்கு" என்று விளக்கினான். அன்ரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சற்றலைட் அந்த ரோட்டால வந்ததோ, தம்பி? இண்டைக்கு அங்காலயிருந்து வந்த ஆள் ஆர் எண்டு பாத்து, அவரைக் கேளும்."

தடுப்புக் கம்பி

அன்றிலிருந்து காலையில் வந்ததும் அவர்கள் தங்கப்போகும் விடுதிக்கு நான் போன் போடத் தொடங்கினேன். இங்கே காலை என்றால் அங்கே முதல்நாள் இரவு. விடுதிக்காரப் பெண் பால் லொறிக்காரரைக் கேட்டுச் சொல்வார். அவர் அந்தப் பாதையால் தினமும் வருகிறவர். திவசத்துக்கு முதல்நாள் லொறிக்காரரும் வரைபடமும் ஒரே கதையைச் சொன்னார்கள்: புயல் வருகிறது, விடியவே பாதையை மூடிவிடுவார்கள்.

அன்ரியும் அங்கிளும் அப்போது அந்த விடுதியில்தான் இருந்தார்கள். "எப்படியும் திறப்பாங்கள் அன்ரி" என்று சொல்ல என் நாக்குத் துடித்தது. சொல்லவில்லை. "நாளைக்குக் காலமை பூட்டுவினம். எப்ப திறப்பினமெண்டு எனக்குத் தெரியாது" என்றேன். சரி பிள்ளை என்று அன்ரி போனை வைத்துவிட்டார். அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மூன்று பேருக்குத் தப்பான விமானத்தைச் சொல்லி ஸ்டீபனிடம் பேச்சு வாங்கினேன்.

மறுநாள் காலை அன்ரியே போன் போட்டார். வாகன ஓட்டுநர் அவர்களைத் தடுப்புக் கம்பி வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார். அதற்கு அப்பால் போக விடவில்லை. வாகனத்தின் மறைவில், கடதாசித் தட்டில் சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் படைத்திருக்கிறார்கள். காற்று எள்ளை அள்ளிக்கொண்டு போக, அங்கிள் இரண்டாம் தரமும் எள்ளும் தண்ணீரும் இறைத்திருக்கிறார். ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கூடவே நின்றாராம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி என்றேன், எதற்கென்று தெரியாமலே. அவர் சொன்னார்: "பாதை பூட்டினா, பூட்டின இடத்தில செய்யிறதுதானே. எங்களுக்கு இது புதுசே?"

கடற்கரை

அடுத்த நாள் பாதை திறந்தது. அதற்கடுத்த காலை நான் அலுவலகத்தைத் திறக்கும் முன்பே போன் வந்தது. முதலில் அங்கிள் பேசினார், வழக்கத்தைவிட அதிகமாக. கடற்கரைக்குப் போனார்களாம். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம். அதைத் தாண்டிப் போய் நாலைந்து இளம் பிள்ளைகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுத்தார்களாம். சீலைக்கு மேல் தடித்த கோட்டுப் போட்டிருந்த அன்ரி, மணலில் விழுந்தெழும்பி விளக்குக் கம்பம் வரை ஓடி, "பிள்ளையள், இங்கால வாங்கோ! இங்கால வாங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினாராம். எந்த நாட்டுப் பிள்ளைகளோ, தமிழ் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அந்தக் குரலுக்குப் பயந்து மேலே ஏறி வந்துவிட்டார்கள். அவர்கள் நின்ற இடத்தை அலை பிறகு மூடியதாம்.

அன்ரி போனை வாங்கினார். கத்தியதில் குரல் கட்டிப்போயிருந்தது. ரமணனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வேலை சொன்னார்: "எழுதி வையும் பிள்ளை, இண்டைக்குக் கடல் பொல்லாதது, ஒருத்தரையும் கிட்ட விடாதேயும். நான் இப்ப அங்கயிருந்துதான் வாறன்."

அந்த ஒரு காலை மட்டும் ஐஸ்லாந்தைப் பற்றி உலகத்திலேயே புதிய தகவல் என் கையில் இருந்தது, அதைக் கேட்க முதல் வாடிக்கையாளர் படியேறி வருவதற்குள் அதுவும் பழசாகிவிட்டது.