ரோட்டார் என் பொறுப்பு

காஜா பேராங் வட்டாரத்தில் எங்கள் லோரி வருகிறதா என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு தெருவுக்கு அப்பாலிருந்தே அது இருமுவது கேட்கும். உலகச் சண்டை முடிந்தபின் வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துக்கட்டிய வண்டி அது. பின்பக்கம் திறந்த சின்ன லோரிதான், ஆனால் உடம்பெல்லாம் கனத்த இரும்பு. அப்பா அதை ஏலத்தில் எடுத்து, மார்க்கெட்டுக்குக் காய்கறி, கடைகளுக்கு அரிசி மூட்டை என்று ஏற்றிப் பிழைத்தார். சுமை ஏற்றிய நாளைவிட ரிப்பேருக்கு நின்ற நாள்தான் அதிகம் என்பார் அம்மா.

அதற்கு இல்லாத வியாதி இல்லை. ரேடியேட்டர் ஒழுகும். ஓட்டை அடைபடும் என்று அப்பா சமையலறையிலிருந்து மஞ்சள் தூளை அள்ளிக்கொண்டு போய் அதற்குள் கொட்டுவார். அடைபட்டதோ இல்லையோ, லோரி போன வழியெல்லாம் மஞ்சள் தண்ணீர் சொட்டியிருக்கும். பெட்ரோல் டாங்கி கசிந்தால் சலவை சோப்பைத் தேய்ப்பார். பிரேக்கை மூன்று தடவை மிதித்தால் நான்காவது தடவை பிடிக்கும். இரண்டாவது கியர் நிற்காமல் துள்ளி வெளியே வந்துவிடும் என்பதால், புக்கிட் பாரு மேட்டில் ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்து கியர்க் கம்பியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்வது என் வேலை. பத்து வயதுப் பெண்ணுக்கு அது பெரிய உத்தியோகம். ஒரு காலத்தில் எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

அதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்றும் என்னிடம் இருந்தது. சண்டைக் காலத்தில் அப்பா பட்டாளத்து முகாமில் டிரைவர். வண்டியை நிறுத்தினால் இஞ்சினுக்குள்ளிருந்து ரோட்டாரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே சட்டம். பித்தளைத் தகடு வைத்த, இரண்டு விரல் அகலக் கறுப்புத் துண்டு அது. அது இல்லாவிட்டால் ஹேண்டல் போட்டுச் சுற்றினாலும் சரி, ஊரே சேர்ந்து தள்ளினாலும் சரி, இஞ்சின் பிடிக்காது. எங்கள் லோரியை எந்தத் திருடன் சீண்டப்போகிறான்? ஆனால் பழக்கம் விடவில்லை. தினமும் சாயங்காலம் ரோட்டாரைக் கழற்றித் துடைத்து என் உள்ளங்கையில் வைப்பார். நான் அதைப் பென்சில் டப்பாவில் போட்டு வைத்திருந்து காலையில் திருப்பித் தருவேன்.

பண்டார் ஹிலிரில் இருந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. அப்பா வாசல்வரை கொண்டுவந்து விடுவார். நின்ற லோரி மறுபடி கிளம்பாது. அவர் இறங்கித் தள்ள, நானும் பள்ளி உடுப்போடு பின்னால் போய்த் தள்ளுவேன். ஒரு நாள் வேலிக்குள்ளிருந்து ஒருத்தி, "தோலாக்! தோலாக்!" என்று கத்தினாள். மலாயில் தள்ளு என்று அர்த்தம். மறுநாள் பத்துப் பேர் கத்தினார்கள். அடுத்த வாரம் என் பெயரே தோலாக் என்றாகிவிட்டது. லோரியைக் கண்டாலே எனக்கு உடம்பு கூசியது. அதை ஓட்டுகிறவரைக் கண்டும் கூசியது என்பதை இந்த வயதில்தான் சொல்ல வாய் வருகிறது.

அந்த வருஷம்தான் மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். திடலில் ஊர்வலம். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளை அலங்கரித்த லோரியில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று மளிகைக்கடைக்காரர் பேச்செடுத்தார். அவர் முடிப்பதற்குள் அப்பா, "நம்ம லோரி இருக்கு அண்ணே" என்றார்.

பிறகு ஒரு மாதம் வீட்டில் அந்தப் பேச்சுத்தான். கிளட்ச் தட்டு தேய்ந்திருந்தது, பிரேக் ரப்பர் செத்திருந்தது. பட்டறைச் சீனர் குனிந்து பார்த்துவிட்டு, "சூடா துவா, ஜுவால்லா" என்றார். கிழடாகிவிட்டது, விற்றுத் தொலை என்று பொருள். அப்பா சிரித்தார். அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போய், கிளட்ச்சாகவும் ரப்பராகவும் பச்சைப் பெயிண்டாகவும் திரும்பி வந்தது. அம்மா முனகவில்லை. காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு, தென்னங்குருத்தில் தோரணம் பின்னினார்.

"பாப்பா எங்கூட முன்னால உக்காருவா" என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிவிட்டார். என் பள்ளிக்கூடத்துப் பெண்கள் திடல் ஓரம் கொடி பிடித்து வரிசையாக நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். லோரி சரியாக அவர்கள் முன்னால் நின்றுபோகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊர்வலத்துக்கு நடுவே, கவர்னர் முன்னால், தோலாக்!

அன்று காலை ரோட்டாரைப் பென்சில் டப்பாவிலிருந்து எடுத்து, காலுறைக்குள் சொருகி, மேலே வெள்ளைச் சப்பாத்தை மாட்டிக்கொண்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வாசலில் முப்பது பிள்ளைகள் பட்டுப்பாவாடையும் வேட்டியுமாக நின்றார்கள். அப்பா புது வெள்ளைச் சட்டையில் வந்து கையை நீட்டினார்.

"நேத்து நீங்க எங்கிட்டக் குடுக்கலப்பா" என்றேன்.

"தெனம் இவகிட்டதானே குடுப்பீங்க?" என்று அம்மா இழுத்தார்.

அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தேட ஆரம்பித்தார். சீட்டுக்கு அடியில், சாமான் பெட்டியில், கடைசியில் அந்தப் புதுச் சட்டையோடு லோரிக்கு அடியிலேயே படுத்துத் தேடினார். எழுந்து வந்தபோது முதுகெல்லாம் கறுப்பு எண்ணெய்.

"கடைசி நேரத்துல இப்படிப் பண்ணிட்டியேப்பா" என்று மளிகைக்கடைக்காரர் கத்தினார். "முன்னாடியே சொல்லியிருந்தா வேற லோரி புடிச்சிருப்போம்ல?"

"என் தப்புதான் அண்ணே. எங்கயோ வெச்சித் தொலைச்சிட்டேன்" என்று அப்பா கைகூப்பினார். முப்பது பிள்ளைகளின் பெற்றோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எல்லாரும் நடந்தே கிளம்பினோம். அப்பா இருப்பதிலேயே சின்னப் பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் பித்தளைத் தகடு என் கணுக்காலை அறுக்க ஆரம்பித்தது. நொண்டினேன். அப்பா பையனை இறக்கிவிட்டு என் முன்னால் மண்டியிட்டார்.

"சப்பாத்து கடிக்குதா பாப்பா?"

தலையாட்டினேன். அவர் கயிற்றைத் தளர்த்தினார். காலுறைமேல் ஓடிய விரல்கள் ஓரிடத்தில் நின்றன. பிறகு மெதுவாகக் கயிற்றைக் கட்டி, "மெதுவா வா. அவசரமில்ல" என்று எழுந்துகொண்டார். தப்பித்தோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். தினமும் தன் கையால் கழற்றி மாட்டுகிற துண்டை அவர் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் கண்டுபிடிப்பார் என்பது அப்போது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊர்வலம் கலைந்து கொண்டிருந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஐஸ் குச்சி தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

மறுநாள் ரோட்டாரைச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு, நானே கண்டெடுத்ததாகக் கூவினேன். "கெடச்சிருச்சா? நல்லது" என்று அப்பா வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் பழக்கத்தில் கையை நீட்டினேன். அவர் கவனிக்காதவர்போல வீட்டுக்குள் போய்விட்டார். அதன் பிறகு ரோட்டார் என்னிடம் வரவேயில்லை. ஒரு வேலை குறைந்தது என்றுதான் நினைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அப்பா ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமே, ஜாலான் துக்காங் எமாஸ் தெருமுனையில் லோரியை நிறுத்திவிட்டார். "இங்கேருந்து நடந்து போயிடு பாப்பா. பள்ளிக்கூடத்துக்கிட்ட நிறுத்த எடமில்ல" என்றார். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். தோலாக் என்ற பெயரும் மெல்ல மறைந்தது.

ஒரு நாள் பாலத்துக்குப் போகும் வளைவில் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஒரு கையைக் கதவிலும் ஒரு கையை ஸ்டியரிங்கிலும் வைத்துக்கொண்டு தனியாக லோரியைத் தள்ளிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் பார்த்ததை வேறு யாரும் பார்த்துவிடவில்லையே என்று மட்டும் சுற்றிலும் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தேன். பள்ளிக்கூடத்துக்கிட்டே நிறுத்த இடமில்லை என்று அவர் சொன்னதை அப்போது நான் முழுசாக நம்பினேன்.