மைக் வைக்காத ஸ்டூல்

அவளுக்குப் பாம்புக் காது என்று வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கும் வேலை. அழுகையும் கூச்சலும் வண்டி இரைச்சலும் ஒன்றாய்க் கலந்து வருகிற குரலிலிருந்து வீட்டு விலாசத்தைப் பிரித்தெடுத்துவிடுவாள். பக்கத்து மேசைக்காரிகளுக்குப் பிடிபடாத குரல் என்றால், "நீ கொஞ்சம் கேளேன்" என்று அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு வீட்டில் என்ன பட்டப்பெயர் தெரியுமா? மறுஒலிபரப்பு!

வைத்த புண்ணியவான் அவள் கணவர். பெயின்ட் கடையில் மேலாளர். கடையில் முதலாளியைக் கண்டால் பெட்டிப்பாம்பு, வீட்டில் டிவிக்கு முன்னால் ராஜா. கூடத்தில் ஐந்து ஸ்பீக்கர்கள் வைத்திருந்தார். படத்தின் சத்தத்தைப் பிரித்து அவற்றுக்குப் பங்கு போட்டு அனுப்புகிற ரிசீவர், கறுப்புப் பெட்டி ஒன்று, டிவிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. அதைத் துடைக்க அவருக்கென்று தனித் துணி. வேறு யாரும் தொடக் கூடாது.

படம் ஓடும்போது அவள், "என்ன சொன்னான்?" என்று கேட்பாள். "வந்துடுச்சு மறுஒலிபரப்பு!" என்று அவர் படத்தை நிறுத்துவார். சோபாவில் நீட்டிப் படுத்திருக்கும் மகள் சிரிப்பாள். ஏதோ பெரிய உபகாரம் செய்வதுபோல் அவர் வசனத்தைத் திருப்பிச் சொல்வார். முதலில் அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்த நாத்தனார் முன்னாலேயும் அவர் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தபோதுதான் சுருக்கென்றது.

"போய் ஒரு தடவை காதைக் காட்டிட்டு வாயேன்" என்றார் அவர். போனாள். ஒரு குறையும் இல்லை என்றார் காது டாக்டர். வந்து சொன்னால், "அப்போ உனக்குக் கவனம் இல்ல" என்கிறார் மனுஷன். காது தப்பித்தது, கவனம் மாட்டிக்கொண்டது!

அன்றோடு கேட்பதை நிறுத்திவிட்டாள். பாதி புரிந்தும் புரியாமலும் உட்கார்ந்திருப்பாள், பிறகு துணி மடிக்க எழுந்து போய்விடுவாள். அது போகட்டும். சும்மா சும்மா சொன்னதில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. போன வாரம் ஒரு பெரியவர் போனில் தெருப் பெயரைச் சொன்னார். சரியாக விழவில்லை. மறுபடி கேட்டாள். எல்லோரும் கேட்பதுதான். ஆனால் அவள் எழுதி முடித்த பிறகும் மூன்றாம் தடவை கேட்டாள். நிஜமாகவே என் காது போய்விட்டதா? ஒரு நாள் தெருவை மாற்றிக் கேட்டு வண்டியை வேறெங்கோ அனுப்பிவிட்டால், அந்த உயிருக்கு யார் பதில் சொல்வது? வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

இந்த லட்சணத்தில்தான் அவர் புது ரிசீவர் பேச்சை எடுத்தார்.

"இதுல வசனம் தனியா, கண்ணாடி மாதிரி தெளிவா வருமாம். உனக்காகத்தான் பாக்கறேன். எனக்கென்ன, பழசே போதும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசை இவருக்கு, பழி என் காதுக்கா? "எனக்காக ஒண்ணும் வேணாம்" என்று வெடுக்கென்று சொன்னாள். அது அவர் காதில் விழவில்லை. நல்ல காதுதான்.

விடுமுறை நாள் காலையில் ஆடியோ கடைக்காரர் புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். போட்டுப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பழையதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றின் உச்சியில் சின்ன மைக்கைப் பொருத்தினார்.

"இதைக் காது உயரத்துல வைக்கணும் சார். ஸ்பீக்கர் ஒவ்வொண்ணா கூவும். இந்த இடத்துல உட்கார்றவங்களுக்கு எது எவ்வளவு சத்தம் போடணும்னு பெட்டியே அளந்துக்கும். எட்டு இடம் வரைக்கும் அளக்கலாம். வீட்ல யார் யார் எங்க உட்காருவீங்க?"

"இங்கதான்" என்று அவர் தன் சாய்வு நாற்காலியைத் தட்டினார்.

மின்விசிறி நின்றது. பிரிட்ஜ் நின்றது. "அடுப்பை அணை. மூச்சு விடாத" என்று அவளுக்கு உத்தரவு. கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் சிலைபோல் நின்றாள். மைக் முதலில் நாற்காலியின் நடுவில் நின்றது. பிறகு இடப்பக்கம், வலப்பக்கம், சற்று முன்னால், சற்றுப் பின்னால். அவர் நிமிர்ந்து உட்காரும் உயரத்துக்கு ஒன்று. சாய்ந்து படம் பார்க்கும் உயரத்துக்கு ஒன்று, தூங்கி வழியும் உயரத்துக்கு ஒன்று. எட்டு இடமும் அந்த ஒரே நாற்காலியில் முடிந்துபோனது. வாயைப் பிளந்து குறட்டை விடும் தலைக்குக்கூட ஒரு மைக் கிடைத்தது!

"பழசுக்கும் இப்படித்தான் வச்சீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"பின்னே? நானேதான் அளந்தேன். அதெல்லாம் உனக்குப் புரியாது."

அவளுக்கு நன்றாகவே புரிந்தது. அவள் உட்காருவது சமையலறை வாசலை ஒட்டிய ஸ்டூலில். பால் பொங்கினால், மணி அடித்தால் எழுந்து ஓட வசதி என்று இதே மனுஷன் போட்டுக் கொடுத்த இடம். தலைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர் தொங்கியது. தூரத்து நாற்காலிக்குப் போய்ச் சேர வேண்டிய மழையும் இடியும் இசையும் அவள் காதில்தான் கொட்டும். வசனம் எங்கோ டிவிப் பக்கம் முனகும். இத்தனை வருஷமாக இதைத்தானே காது போச்சு என்றார்கள்! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

படம் ஓடியது. மழைக் காட்சி. "இப்போ கேக்குதா?" என்று அவர் பெருமையாகத் திரும்பினார்.

"இல்ல."

"இதுலயும் கேக்கலன்னா சத்தியமா உன் காதுதான்டி!"

அவள் கரண்டியை ணங்கென்று சமையல் மேடையில் வைத்தாள். "எழுந்திருங்க. இந்த ஸ்டூல்ல வந்து உட்காருங்க."

"என்ன இப்போ?"

"உட்காருங்கன்னு சொன்னேன்."

அவள் இப்படிப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மகள் சோபாவில் எழுந்து உட்கார்ந்தாள். கடைக்காரர் ஒயரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். கணவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் ஒருவன் மழையில் நனைந்தபடி, அண்ணனிடம் வீட்டுச் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு சொல் விடாமல் அவளுக்குக் கேட்டது.

அவர் கழுத்தை நீட்டினார். தலையைச் சாய்த்தார். கையைக் காதில் குவித்தார்.

"என்ன சொன்னான்?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"இங்க உட்கார வச்சு என்னைச் செவிடாக்கிட்டீங்களே" என்றாள் அவள். "வேலைல போனை எடுக்கவே பயந்தேன், தெரியுமா? ராத்திரி தூக்கம் இல்ல எனக்கு."

அவர் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"அண்ணே, புதுசு வேணாம், எடுத்துட்டுப் போங்க" என்றாள் கடைக்காரரிடம். "போறதுக்கு முன்னாடி பழசை மாட்டிக் கொடுங்க. அதோட மைக் அலமாரில இருக்கு. இந்த ஸ்டூலுக்கு அளக்கணும்."

"எத்தனை இடம்மா?"

"எல்லாமே இங்கதான்."

மின்விசிறி மறுபடி நின்றது. மைக் ஸ்டூலின் மேல் நிமிர்ந்து நின்றது. சுவரோரம் கைகட்டி நின்ற அவர் மெல்லக் கேட்டார், "அப்போ என் நாற்காலிக்கு?"

"உஷ்! மூச்சு விடாதீங்க. கேக்கலன்னா என்கிட்ட கேளுங்க, திருப்பிச் சொல்றேன்."